இடப்பக்கம் சாயும் மூன்று தட்டுகள்

மாசி மாதம் என் மகள் வந்து இறங்கியபோது பெட்டியில் சாக்லேட்டுக்கு மேலே மூன்று தட்டுகள் இருந்தன. சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியவை, விளிம்பு மட்டும் நல்ல தடிமன். சோறு போடவும் ஆகாது, குழம்புச் சட்டியை மூடவும் ஆகாது.

"தொடாதம்மா. டிஸ்க்கு அது, வீசுறது" என்றாள்.

அவள் நர்ஸ். முதலில் வளைகுடாவுக்குப் போனாள், பிறகு பனி கொட்டுகிற நாட்டுக்குப் போனாள். அங்கே மரங்களுக்கு நடுவில் சங்கிலி தொங்கும் கூடை நட்டு, தூரத்திலிருந்து இந்தத் தட்டை வீசி அதில் விழவைப்பார்களாம். டிஸ்க் கால்ஃப் என்று பேர். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிப் பெண்கள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். அதில் நம்மூர்ப் பிள்ளை இவள் ஒருத்திதான். அதை நான் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

போன வருஷம் ஒரு நோயாளியைத் தூக்கும்போது அவள் வலது தோள் பிசகி, ஆபரேஷன் வரைக்கும் போனது. இனி வீசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் திரும்பிப் போன கையோடு ஒரு போட்டி இருந்தது. அதில் ஓர் இடத்தில் எதிர்காற்றில் ஏரியைத் தாண்டி வீச வேண்டும். அந்த வீச்சு எப்போதும் இவளுடையது.

"நம்ம மோட்டார் கொட்டகையிலேர்ந்து மதகு வரைக்கும்மா. அவ்வளவுதான் அந்த ஏரி. ஊருக்குப் போறதுக்குள்ள மதகத் தாண்டலன்னா வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடுவேன்."

இதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் சொல்வதெல்லாம் மனசில் கிடந்து அறுக்கிற விஷயம். பெற்றவளுக்குத் தெரியாதா?

மறுநாள் தட்டுகளோடு வயலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சம்பா அறுத்திருப்போம், வயல் வெறுமனே கிடக்கும், இஷ்டத்துக்கு வீசலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் மட்டும் போடுகிற கணக்கு அது. அறுப்புக்கு முன்னாலேயே, கதிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவோம். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு இடையில் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். அந்த வயலில் செருப்புக் கால் படக்கூடாது.

"காலியாக் கிடக்குமா? நல்லா கணக்குப் போட்ட போ! உளுந்து தெளிக்காம யாருடி வயல விடுவா?" என்று சிரித்தேன்.

அதனால் வாய்க்கால் கரைதான் எங்களுக்கு மைதானம் ஆயிற்று. கிழக்கே பார்த்து நின்றால் வலப்பக்கம் வாய்க்கால், இடப்பக்கம் என் கொழுந்தனார் குத்தகைக்கு எடுத்த வயல், எதிரே மதகு. சாயங்காலமானால் நாகப்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று முகத்தில் அடிக்கும்.

எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். நம்பர் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தட்டிலும் நாலு நம்பர் அச்சடித்திருந்தது. கடைசி நம்பர் சிவப்பில் நாலு, மஞ்சளில் மூன்று, நீலத்தில் இரண்டு.

"மூணுமே ஓவர்ஸ்டேபிள்தாம்மா. எதிர்காத்துல லேசுல வலப்பக்கம் புரளாது. வேகம் குறைஞ்சதும் இடப்பக்கம் சாஞ்சு இறங்கும். எவ்வளவு சாயும்ங்கிறதுதான் அந்தக் கடைசி நம்பர்."

சிவப்பை வீசினாள். காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போயிற்று. பாதி தூரம்கூட இல்லை, வண்டியிலிருந்து அவிழ்த்த மாடு வீட்டுப் பக்கம் திரும்புகிற மாதிரி சட்டென்று இடது பக்கம் திரும்பி உளுந்தில் விழுந்தது. மறுபடி வீசினாள், மறுபடி உளுந்து. மஞ்சள் கொஞ்சம் கூடப் போய் அதே உளுந்தில் விழுந்தது. அறுத்த தாள் மேலேயே கால் வைத்து நடந்து நான்தான் எடுத்துவந்தேன். நீலத்தை அவள் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

என் கொழுந்தனார் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "என்னா அண்ணி, உளுந்துக்கு மருந்து தெளிப்பாங்க, நீங்க தட்டு தெளிக்கிறீங்க?"

"சும்மா இருங்க தம்பி. ஒரு செடி சாஞ்சா ஒரு படி உளுந்து தர்றேன்."

இப்படியே தினமும் சாயங்காலம் நடந்தது. அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிடும்போது இடது கை தானாகப் போய் வலது தோளைத் தடவும். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒருநாள், "எங்கிட்ட ஒண்ணு குடுடி" என்று சிவப்பை வாங்கி நானும் வீசினேன். கொட்டகை நிழலைக்கூடத் தாண்டவில்லை, இடப்பக்கம் மடங்கித் தொப்பென்று விழுந்தது. கொழுந்தனார் பீடிப் புகையில் இருமி இருமிச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. அதே சிவப்பை எடுத்து அவள் வீசினாள். நான் வீசியதைவிடத் தூரம் போயிற்று, ஆனால் அதே மடக்கு, அதே விழுகை. விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை உன் கை மாதிரி ஆயிடுச்சும்மா."

"என் கைக்கு என்னடி கேடு? நாத்துக்கட்டு தூக்குன கை. உன்னையும் தூக்குன கை."

கரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சிவப்பு வேகமான கைக்கு ஏற்றது; வேகம் இல்லாவிட்டால் சாய மட்டுமே செய்யும். தோள் பிசகுவதற்கு முந்தின போட்டியில் ஏரிக்கு மேலே நீலத்தைத்தான் வீசியிருக்கிறாள். அப்போது கையில் வேகம் அதிகம், காற்றும் அதிகம். நீலம் வலப்பக்கம் புரண்டு, எல்லோரும் பார்க்கத் தண்ணீரில் போயிற்று. மூழ்கினதை எடுக்கவே முடியவில்லை. பையில் இருந்தது அதே மாதிரி வாங்கின வேறு ஒன்று. வாங்கினாளே தவிரத் தொட மனசு வரவில்லை.

"பயமா இருக்கும்மா."

எனக்குக் கொழுந்தனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. "அந்த நீலத்த எடு, நான் வீசுறேன். தண்ணியில போனா நானே இறங்கி எடுக்கிறேன்" என்றேன்.

புடவையைச் செருகிக்கொண்டு வீசினேன். நேராகப் போயிற்று. சிவப்பு விழுந்த இடத்துக்கு அப்பாலும் போய், கடைசியில் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து கரை மேலேயே படுத்தது. உளுந்திலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை.

"பாத்தீங்களா தம்பி!" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்து ஓடினாள். நீலத்தை எடுத்துக்கொண்டு வந்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை மெதுவானா இதுவே போதுமோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நீலம்தான். முதலில் காற்று இல்லாத காலையில் வீசினாள், அப்புறம் சாயங்காலக் காற்றில். இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தது. சொன்ன சொல் தவறாமல் நானே இறங்கிச் சேற்றில் காலால் துழாவி எடுத்தேன். ஆனால் மதகு மட்டும் எட்டவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் காற்று தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கம் வாரி விட்டிருந்தது. "இன்னக்கி வேணாம் பாப்பா, தலையில கட்டுன துண்டே நிக்கல" என்று கொழுந்தனார் மதகிலிருந்து சத்தம் போட்டார்.

"இந்தக் காத்துதான் சித்தப்பா அங்கயும் அடிக்கும். நகந்துக்குங்க!"

வீசினாள். தட்டு எழும்பியது. எழும்பியதும் வலப்பக்கம் லேசாகச் சரிந்தது. வாய்க்காலுக்கு மேலே போய்விட்டது. நான் தண்ணீரில் இறங்கத் தயாராகப் புடவையைப் பிடித்துவிட்டேன். அவள் அசையவில்லை. அங்கே தண்ணீருக்கு மேலேயே கொஞ்ச தூரம் போய், நிமிர்ந்து, கரைக்குத் திரும்பி, குனிந்த கொழுந்தனார் தலைக்கு மேலே மதகைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கரைப் புல்லில் இறங்கிச் சறுக்கி நின்றது.

கொழுந்தனார் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு செடிகூட சாயல அண்ணி" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அங்கேயே நின்று அவள் ஃபோன் போட்டாள். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் சிரித்துக்கொண்டே பேசினாள், வலது கையால் பிடித்துப் பேசினாள். அது போதுமே.

மஞ்சளையும் நீலத்தையும் பெட்டியில் வைத்தாள். சிவப்பை என் கையில் கொடுத்தாள். "வச்சிரும்மா. கை நல்லா தேறி வந்து வாங்கிக்கிறேன். வெயில்ல வச்சிடாத, வளைஞ்சிடும்."

சித்திரையில் உளுந்தும் பறித்தாயிற்று. இப்போது வயல் நிஜமாகவே காலி. விடியலில் காற்று ஏறுவதற்கு முன்னால் போய் நாலு வீச்சு வீசுகிறேன். இன்னும் இடப்பக்கம்தான் விழுகிறது, விழட்டும். சாயங்காலத்தில் கொட்டகை நிழல் விழுகிற இடத்தை நேற்றுத் தாண்டிவிட்டது. அவள் வந்து கேட்கும்போது உடனே கொடுப்பேனா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.