மிச்ச மாத்திரையைத் தர மறுத்த என் ஓரகத்தி

போன வருஷம் தீபாவளி சீசன் மும்முரத்தில், ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் எங்கள் வேனில் நடந்தது இது. நானும் என் ஓரகத்தியும் அங்கேதான் வேலை பார்க்கிறோம். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு முழிக்கிற பிறவி அவள். எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்தான்.

மத்தாப்புக்குக் கம்பி சொருகும்போது அவள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. எங்கள் வேனில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது மிஞ்சிய ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைக் காயத்தில் தூவிவிடுவோம். அவளுக்கும் தூவினோம். இரண்டே நாளில் கை வீங்கி, முழங்கை வரை சிவப்பாகக் கோடு ஏறியது. காய்ச்சல் தூக்கிப் போட்டது. கூட வேலை பார்க்கும் ஒரு மதினிதான் அவளைத் தாங்கிப் பிடித்து சாத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கை போய்விடுமோ என்று நான் அழுதுகொண்டே நின்றேன்.

டாக்டரம்மா ஊசியில் மருந்து ஏற்றினார். "மேல தூவுன பொடி உள்ள போன கிருமிக்கு எப்படிம்மா எட்டும்? மருந்து ரத்தத்துல கலந்துதான் அங்க போகணும்" என்றார். வீக்கம் வடிந்ததும் மாத்திரை கொடுத்து, சுகமாகிவிட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே, அதே மதினி வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார். பல்வலி. "ஒனக்குத்தான் கை ஆறிப்போச்சுல்ல, மிச்ச மாத்திரையக் குடு தாயி."

காப்பாற்றியவரே கேட்கிறார். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தரமாட்டேன் மதினி" என்றாள். "நான் பாதியில விட்டா உள்ள மிச்சமிருக்க கிருமி மறுக்கா கெளம்பிரும். ஒங்க பல்லுக்கு இது கேக்குமான்னும் தெரியாது. கோவிச்சுக்கிடாதீக. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன், எறங்குங்க."

"அம்புட்டுப் பெரிய மனுஷியாயிட்டியோ?" மதினிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் வலி தாங்காமல் இறங்கினார். சீசனில் லீவு போட்டால் கம்பெனியில் என்ன ஏச்சு விழும் என்று தெரிந்துதான் இவளும் இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் மதினிக்குச் சீழை எடுத்துவிட்டு, வேறு மாத்திரைதான் கொடுத்தார்களாம். மறுநாள் வேனில் தன் பக்கத்து இடத்தை மதினி இவளுக்குப் பிடித்து வைத்திருந்தார். கேப்சூல் பிரிக்கும் வழக்கமும் அத்தோடு நின்றது.

கைகொடுத்தவருக்கு அவள் செய்த பெரிய உபகாரம் அன்றைக்கு 'தரமாட்டேன்' என்றதுதான். அவளை என் ஓரகத்தி என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது.