இரண்டு கை பட்ட விதை

எங்கள் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வாயைத் திறப்பதே சாப்பிடத்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகிறது. ஒரு வேலையைச் செய்யப்போவதாகவும் சொல்லமாட்டார், செய்து முடித்ததாகவும் சொல்லமாட்டார். கூரை ஒழுகுவது நின்றால், மனிதர் ஏறி அடைத்திருக்கிறார் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தங்கமானவர்தான். எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வரும்.

குத்தகை நிலத்தில் கொண்டைக்கடலை போடுகிறார்கள். இரண்டு வருஷமாக அழுகல் நோய் பாதிக்குமேல் தின்றுவிட்டது. "இந்த வருஷமும் போச்சுன்னா நிலத்தை விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்" என்றாள் அக்கா. அந்த நிலம் இல்லாமல் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

விதைத்து ஒரு மாதத்தில் செடிகள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று அக்கா மடையைத் திறப்பாள். மறுநாள் அத்தான் போய் அடைத்துவிட்டு வருவார். யார் செய்வது சரி? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விவசாய அதிகாரி வந்து ஒரு செடியைப் பிடுங்கினார். தண்டின் அடியில் தோல் அழுகி, வெள்ளை நூல் படர்ந்து, கடுகு கடுகாக உருண்டைகள் ஒட்டியிருந்தன.

"விதைக்கு என்ன போட்டீங்க?"

"பூஞ்சையைக் கொல்ற மருந்து" என்றார் அத்தான்.

"நல்ல பூஞ்சைப் பொடி" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். விதைத்த அன்று காலையில் அவர் சத்தமில்லாமல் விதையில் மருந்தைக் கலந்திருக்கிறார். மத்தியானம் இவள், அவர் சிரிப்பாரோ என்று, ஒளித்து வைத்திருந்த பொடியைத் தண்ணீரில் குழைத்து அதே விதையில் பிசறியிருக்கிறாள்.

"பூஞ்சைக்குப் பூஞ்சையே மருந்தா?" என்றேன் நான்.

"ஆமாம்மா, இது கெட்டதை அழிக்கும். ஆனா அவர் போட்ட மருந்து இதைக் கொன்னுடுச்சு. இவங்க பொடி குழைச்ச தண்ணியில அந்த மருந்தும் பாதி கழுவிட்டுப் போச்சு. நல்லா பண்ணீங்க போங்க! சாஞ்ச செடியெல்லாம் பிடுங்கி எரிங்க, தண்ணியை நிறுத்துங்க. பாதி வயல் தப்பிச்சுடும்."

பாதி! அக்காவுக்கு உயிர் வந்தது. அப்போதே பிடுங்க இறங்கிவிட்டாள். அத்தானும் கூடவே இறங்கினார்.

"வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாம செஞ்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அத்தான் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"போன வாரம் நிலக்காரரைப் பார்த்தேன். அறுப்போட விட்டுடறோம்னு சொல்லிட்டேன். அவரு வேற ஆளுக்குக் கொடுத்துட்டாரு."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நீதானே சொன்ன."

"ஐயோ, அது வயித்தெரிச்சல்ல சொன்னதுங்க!" அக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் ஒன்றும் விளங்காமல் அவளையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதையாவது நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"