நெஞ்சுக்கு ஏறிய இரைப்பை

தரையில் டைல்ஸ் பதிப்பவர் அவர். வேலையிடத்தில், தரை மட்டம் பார்க்கும் கருவியின் பேரில், 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்காலிட்டு, தலைகவிழ்ந்தே வருஷக்கணக்காகப் பிழைப்பு.

கொஞ்ச காலமாகக் குனிந்தாலே சாப்பிட்டது புளித்துக்கொண்டு தொண்டைக்கு வந்தது. படுத்தால் நெஞ்சு தீயாக எரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகினார். காலையில் அடித்துப்போட்டது போல எழுந்து வேலைக்குப் போனார். "எல்லாம் கேஸ்தான்" என்று ஆளாளுக்கு ஒரு மாத்திரை சொன்னார்கள்.

ஒருநாள் கலவை வாளியைத் தூக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார். மாரடைப்பு என்று பயந்து கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. "இதயம் கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் தகவல் கேட்டு ஓடிவந்திருந்த மனைவி. அப்புறம்தான் அழுதாள்.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து, ஸ்கேனும் எடுத்த பிறகு வயிற்று டாக்டர் விளக்கினார். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசைத் தடுப்பு இருக்கு. உணவுக்குழாய் இறங்குற ஓட்டை அதுல அகலமாயிடுச்சு. இரைப்பை பாதிக்கு மேல நெஞ்சுக்குள்ள ஏறி உக்காந்திருக்கு."

"மாத்திரையில இறங்காதா சார்?" என்று அவர் கேட்டார்.

"எரிச்சல்தான் அடங்கும். இழுத்து வெக்கணும்னா ஆபரேஷன்தான்."

அவருக்குத் துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லை. "செஞ்சிடுங்க" என்றார்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்தபடியே இரைப்பையைக் கீழே இழுத்தார்கள். ஓட்டையைத் தைத்துச் சுருக்கி, இரைப்பையின் மேல்முனையை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள்.

கண் விழித்தவர் முனகினார். "வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள் ஏம்மா இப்படி வலிக்குது?"

"ஆபரேஷனுக்காக உள்ள அடைச்ச காத்துண்ணா. தானா போயிடும்" என்றாள் நர்ஸ்.

கஞ்சித்தண்ணீர், பிறகு குழைந்த சோறு. ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பியது. சட்டை தொளதொளத்தது. ஆனால் எரிச்சல் நின்றிருந்தது. மறுபரிசோதனையில், "பாரம் மட்டும் இப்போதைக்குத் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மனைவி, மருந்துப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாய் பிளந்து தூங்கிப்போனாள். இத்தனை மாதமும் நாற்காலிக்குப் பக்கத்தில் இவளும்தானே விழித்துக் கிடந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் எழுப்பவில்லை.