சின்ன மருமகளின் கையெழுத்து

என் ஓரகத்தி ஒரு புதன்கிழமை மத்தியானம் பெரிய பையோடு வந்து இறங்கினாள். வழக்கமாக அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவாள். தோளில் ஒரு சின்னப் பை மட்டும்தான் தொங்கும். அன்று ஆட்டோக்காரர் தூக்கி வைத்த சாமான்களில் ஹாஸ்டல் அறையில் அவள் வெந்நீர் போட வைத்திருந்த கெட்டில்கூட இருந்தது. லீவு போட்டிருப்பதாகச் சொன்னாள். நான் கெட்டிலைப் பார்த்தேன். லீவில் வருகிறவள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள். உள்ளே போய்ச் சோற்றை வடிக்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அது சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

அவள் என் கொழுந்தனின் மனைவி. சேவுகம்பட்டிப் பக்கம் கத்தரியும் வாழையும் போடுகிற குடும்பம். சென்னைக்குப் போய் விமானப் பராமரிப்புப் படித்து, வரிசையாகப் பரீட்சைகள் எழுதி லைசென்ஸ் வாங்கினாள். கரூரைத் தாண்டி வடக்கே, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் வேலை. அங்கே இருப்பவை எல்லாம் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள். மூக்கில் ஒரு விசிறி, அதன் பின்னால் நாலு சிலிண்டர் எஞ்சின். எஞ்சினில் யார் கை வைத்தாலும், வேலை முடிந்த பிறகு லைசென்ஸ் உள்ளவர் பார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இவளுடையது.

என் மாமியாருக்கு மற்றதெல்லாம் விளங்கவில்லை. கையெழுத்து மட்டும் விளங்கிவிட்டது. பால் வாங்கும் இடம், கோயில் வாசல், கறிக்கடை, எங்கே நின்றாலும் அதே பேச்சு. "எங்க சின்ன மருமக கையெழுத்துப் போட்டாத்தான் பிளேனே கெளம்பும்." பக்கத்தில் கூடையோடு நிற்கும் என்னைக் காட்டி யாராவது கேட்டால், "இவ பெரியவ. வீட்டைப் பாத்துக்கிறா" என்பார். அவ்வளவோடு என் கதை முடிந்துவிடும்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். எங்கள் வகுப்பில் கணக்குப் போட்டு முடித்து முதலில் பேனாவை மூடுகிறவள் நான்தான். மேலே படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தபோது இந்த வரன் வந்தது. என் கணவர் பம்புசெட்டு சாமான் கடை வைத்திருக்கிறார். கடையின் வரிக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அதை யாரும் வேலை என்று நினைப்பதில்லை, கணவர் உட்பட. ஓரகத்தி சனிக்கிழமை வந்தால், அவள் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் கறுப்பைப் போக்க மாமியாரே தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் விரலில் அரிவாள்மணை வெட்டிய இடங்களை இந்த வீட்டில் யாரும் இதுவரை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகும் அவள் தூங்குவாள். "அலுப்பா இருக்கும், தூங்கட்டும்" என்று மாமியார் என்னிடம் கிசுகிசுப்பார். நான் சத்தம் வராமல் பாத்திரம் தேய்ப்பேன். வயிறு எரியும்.

கெட்டில் வந்த மறுநாள் காலையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் வந்து எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். கொழுந்தனிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்று தொடங்கி, நடந்ததைச் சொன்னாள்.

வழக்கமான சோதனைக்கு வந்த ஒரு விமானத்தின் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே மினுமினுவென்று வெண்கலத் துகள். சிலிண்டரைக் கழற்றினாள். பிஸ்டனையும் கீழே சுழலும் தண்டையும் இணைக்கும் கை ஒன்று உண்டு, கனெக்டிங் ராடு என்பார்கள். அதன் மேல் முனைத் துளையில் ஒரு வெண்கல வளையம் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் காலத்திலும் அது நகரக்கூடாது. இதில் நகர்ந்து, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் அந்தக் கை ஒடிந்து எஞ்சின் நின்றிருக்கும்.

நான் உரிப்பதை நிறுத்தினேன். "அந்த ஒரு எஞ்சின்ல மட்டும் தப்பா, இல்ல வளையம் செஞ்ச எடத்துலயே தப்பா? அங்கன தப்புன்னா, கூட வந்த எல்லாத்துலயும்ல இருக்கும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இதைத்தாங்க்கா நான் மேனேஜர்ட்ட கேட்டேன். வேற ஒருத்தருக்கும் கேக்கத் தோணல."

மேனேஜரின் பதில் சுருக்கமாக இருந்திருக்கிறது. எஞ்சின் செய்தவனும் ஒன்றும் சொல்லவில்லை, அரசாங்கமும் சொல்லவில்லை, கெட்டுப்போனதை மாற்று, மற்றவற்றை எப்போதும்போல் பார்த்துக் கையெழுத்துப் போடு. அதே காலத்தில் வாங்கிய மற்ற எஞ்சின்களையும் திறந்து பார்க்காமல் போடமாட்டேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் கூப்பிடும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் எழுந்து போன பிறகும் எனக்கு அந்தக் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கேள்விதான். அவள் அதை விமானக் கொட்டகையில் கேட்டாள், ஒரு பள்ளிக்கூடமே அவள்மேல் கோபப்பட்டது. நான் அடுப்படியில் கேட்டேன். கேட்டுவிட்டுத் தோலை முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டேன்.

வாரங்கள் போயின. முதலில் ஓய்வெடுக்கட்டும் என்றிருந்த மாமியார் பிறகு, எப்ப கூப்பிடுவாங்களாம் என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். ஓரகத்திக்குச் சமையல் கைவராது. புளியைக் கரைத்தால் பாதி கோதோடு விழும். சொல்லிக் கொடுத்திருக்கலாம், நான் அவசரப்படவில்லை. ஒருநாள் அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு மாமியார், "பெரியவ கைப்பக்குவம் வராதுத்தா" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஆனாலும் மத்தியான நேரங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. வேலை ஒழிந்ததும் நாங்கள் இருவரும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவோம். அவள் ஓரத்தில் எஞ்சின் படம் போடுவாள். எந்த இடத்தில் எவ்வளவு விசை வரும் என்று நான் சொல்வேன். பல வருஷமாகத் தொடாத பாடம், ஆனால் கேட்டதும் வந்து நின்றது. அவள் வேலைக்குத் திரும்பக்கூடாது என்று நான் நினைத்ததில் பொறாமை எவ்வளவு, இந்த மத்தியானங்கள் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொழுந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. "மதினி, நீங்க சொன்னா கேப்பா. எல்லாரும் போடுற கையெழுத்துத்தான. வேலை கைவிட்டுப் போயிரும்போல" என்றார். மாமியாரும் கண்ணைக் காட்டினார். சாயந்தரம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவளிடம் கேட்டேன். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெயில் இறங்கிச் செம்பட்டையாக இருந்தது.

"ஊரே போடுது. நீயும் போட்டுட்டுப் போயேன்."

அவள் துணியை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "அதுல ஏறிப் பழகுறது காலேஜ் வயசுப் பிள்ளைகக்கா. மேல போயி எஞ்சின் நின்னா ஓரங்கட்ட எடம் கெடையாது. பாக்காத எஞ்சினைப் பாத்தேன்னு எழுதச் சொல்றாங்க. என்னால முடியாது."

குரலை உயர்த்தவில்லை. என்னால முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த துணிக்குக் கை நீட்டினாள். அவள் படிப்பின் மேல், சம்பளத்தின் மேல், தூக்கத்தின் மேல்கூட நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்று பட்ட பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. முடியாது என்று சொன்னால் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும், ஒரு விமானமாவது. நான் முடியாது என்று சொன்னால் நிற்கப்போவது மறுநாள் இட்லிதான். அதையும் மாமியார் கடையில் வாங்கிவிடுவார்.

பிறகு ஒரு காலையில் அவள் போன் அடித்தது. நான் அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடித்துவிட்டு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு நாடுகளிலும் அந்த வளையம் நகர்ந்திருக்கிறது. எஞ்சின் செய்யும் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அதே காலத்தில் பொருத்தின வளையம் அத்தனையையும் சோதிக்கச் சொல்லிவிட்டது. அதற்குப் பின்னாலேயே கட்டாய உத்தரவும் வந்துவிட்டது. ஏ.டி. என்பார்கள் அவர்கள் பேச்சில். அது வந்தால் மேனேஜரும் முதலாளியும் ஒன்றும் பேச முடியாது. சொன்னபடி பார்த்துச் சரிசெய்யாமல் அந்த எஞ்சின் பறக்கக்கூடாது. பள்ளியில் எல்லா விமானமும் நிற்கிறது, உடனே வா என்று மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார்.

மாமியார் கேசரி கிண்டச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். கொழுந்தன், தான் எப்போதுமே இவள் பக்கம்தான் என்பதுபோல் பேசினார். உப்புமா அடிப்பிடித்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் என் மாமனார் ஒரு சாயந்தரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னேன். இடது கையும் வலிக்கிறது என்றார், அது சாதாரணம் இல்லை என்று சொன்னேன். வாய்வு என்று எல்லாரும் சேர்ந்து சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். கஷாயத்தைப் போட்டதும் நான்தான். விடிவதற்குள் அவர் போய்விட்டார். பெரியவ அன்னைக்கே சொன்னா என்று இன்றுவரை ஒருத்தர் வாயிலும் வரவில்லை. இவள் சொன்னது சரி என்று கடல் தாண்டியெல்லாம் எழுதிக் கொடுக்கிறார்கள். கருகின சட்டியைத் தேய்க்கும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது. கேட்டவர்களிடம் புகை என்றேன்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. வேலை ராப்பகலாக இருக்கும், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, நீயும் கூடப் போய்ச் கொஞ்ச நாள் ஆக்கிப் போட்டுவிட்டு வா என்று மாமியார் என்னை அனுப்பினார். சமையல்காரியாகப் போகிறோம் என்று உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஆனாலும் நான் மறுக்கவில்லை. அந்த வளையத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். மத்தியானம் அடுக்குக் கேரியரோடு கொட்டகைக்குப் போவேன். பெரிய தகரக் கூரை, கீழே மூடி கழற்றிய குட்டி விமானங்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு, அதைத் தாண்டக்கூடாது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். சிலிண்டரைக் கழற்றி, வளையத்தில் ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, குறிப்பிட்ட அளவுக்கு அழுத்தம் கொடுப்பார்கள். அசையாவிட்டால் நல்லது. அசைந்தால் அந்த ராடு அவ்வளவுதான். வயதில் மூத்த ஆண்கள் அழுத்திவிட்டுக் கையை எடுத்து, அவள் குனிந்து பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பிய மேனேஜர், மேடம் மேடம் என்றார். வேர்த்த முகத்தோடு அவள் தலையை ஆட்டுவாள், அடுத்ததற்குப் போவார்கள். கேரியரின் சூடு என் கையைச் சுட்டது.

நான் போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு வளையம் அசைந்தது. கொட்டகை முழுக்க வேலை நின்றுவிட்டது. அவள் அந்த ராடைக் கழற்றச் சொல்லி, சிவப்புச் சீட்டு கட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இங்கிட்டு வாங்க" என்றாள். கோட்டைத் தாண்டிப் போனேன். ராடை என் இரண்டு கையிலும் வைத்தாள். நினைத்ததைவிட கனம். வளையத்தின் ஓரம் நகம் தட்டும் அளவுக்கு வெளியே வந்திருந்தது. சுற்றி நின்றவர்களிடம், "எல்லா எஞ்சின்லயும் இருக்கும்னு அன்னைக்கே சொன்னவுக இவுகதான்" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கணமே அந்தப் பெருமையும் கசந்தது. அதையும் அவள்தானே கொடுத்தாள். கொடுக்கிற இடத்தில் அவள் இருந்தாள், வாங்கிக்கொள்கிற இடத்தில் நான். ராடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாம்பார் ஆறுகிறது என்றேன்.

பின்னும் ஒரு விமானத்தில் அதே கோளாறு இருந்தது. புது ராடுகள் வெளிநாட்டிலிருந்து வந்த பிறகுதான் அவை இரண்டும் பறந்தன. மற்றவற்றை அவள் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுப் பறக்க விட்டாள். எஞ்சின் வேலை முழுவதற்கும் அவளைப் பொறுப்பாக வைத்துவிட்டார்கள். இப்போது அவள் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறாள். மத்தியானம் எனக்கு நீளமாக இருக்கிறது.

அந்தப் பள்ளியிலிருந்து நான் திரும்பியது தனியாக. கரூரிலிருந்து திண்டுக்கல் பஸ். வேடசந்தூரில் ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் வீட்டுக்குப் போகிறாராம். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். விமான எஞ்சின் சோதனை நடந்தது, அதற்குப் போயிருந்தேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நீங்க எஞ்சினியராம்மா?"

ஜன்னலுக்கு வெளியே சோளக்காடு ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா" என்றேன்.

ஊர் வரும்வரை அவருக்குக் கனெக்டிங் ராடு பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது எதையெல்லாம் தாங்குகிறது, வளையம் ஏன் நகரக்கூடாது, நகர்ந்தால் என்ன ஆகும், எல்லாம். ஒரு இடத்திலும் நான் தடுமாறவில்லை. அவர் வாயில் கையை வைத்துக் கேட்டார், குறுக்கே இரண்டு நல்ல கேள்விகள்கூடக் கேட்டார். பஸ் ஸ்டாண்டில் என் கணவர் ஸ்கூட்டரோடு நிற்பது தெரிந்ததும் கேரியர் பையை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவுக்கு முன்னாலேயே அவசரமாக இறங்கினேன்.