முறுக்காத மூடி

ஆயில் எங்கே ஒழுகுகிறதென்று பார்க்க, சாத்தூர் மெக்கானிக், என் அப்பாவின் பழைய காரின் எஞ்சினைத் துடைத்து, முகப்பவுடரைத் தூவி ஓடவிட்டார். வெள்ளையில் ஆயில் கறுப்புக் கோடாக இறங்கியது. அந்தச் சூட்டு வாசனையில் எனக்கு மறுபடி ஒன்பது வயது.

எங்கள் டிரைவர் சுடலை, ஒழுக்கு தெரிவதற்காக காருக்கு அடியில் அச்சு பிசகிய காலண்டர் தாள்களை விரிப்பார். சாமி முகத்தில் ஆயில் சொட்டக்கூடாதென்று படத்தைத் தரைப்பக்கம் கவிழ்த்துவிடுவார். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போனபோது, ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். திரும்பச் சரியாக முறுக்கவில்லை. இருக்கன்குடி போகும் வழியில் மூடி கழன்று, ஆயில் முழுக்கத் தெறித்து, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

"மூடியக்கூடப் பாக்க மாட்டியாலே?" என்றார் அப்பா.

"காலையில முறுக்கித்தான் வச்சேன் மொதலாளி. தாள்ல ஒரு சொட்டு இல்ல."

சுடலை என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அன்றே அவர் வேலை போயிற்று. தாயில்பட்டியில் பட்டாசுக்கு மருந்து அடைக்கப் போனவர், அந்த சீசனிலேயே வெடிவிபத்தில் செத்தார். அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

மெக்கானிக் நிமிர்ந்தார். "மூடிதான் லூசா இருக்குங்கய்யா. உங்க டிரைவர் கவனிக்கலையோ?"

"டிரைவர் மேல தப்பு இல்லை. நான்தான் திறந்தேன்."

"அட, இதுல என்னங்கய்யா இருக்கு" என்று சிரித்தபடி மூடியை இறுக்கினார்.