ஆறு மணி தெய்வாத்தாள்

வாளித் தண்ணீரில் நனைத்த தேங்காய் நாரால் தன் பஸ்ஸின் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் தெய்வாத்தாள். மாட்டைக் குளிப்பாட்டுகிற அதே தேய்ப்புத்தான். மேலிருந்து கீழாக, இடுக்கு விடாமல், நடுநடுவே உள்ளங்கையால் ஒரு தட்டு. பஸ் எட்டு வாரமாக ஓர் அங்குலம்கூட ஓடவில்லை. பின்பக்கத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, அச்சைப் பிரித்துப் போட்ட கோலத்தில் கோயமுத்தூர் அவினாசி ரோட்டு மோட்டார் ஏஜென்சியின் கொட்டகையில் நிற்கிறது. ஓடாத வண்டியில் அழுக்கு எங்கிருந்து வரும் என்று ஏஜென்சி ஆட்கள் சிரிக்கிறார்கள். "தூசி குந்துனா, இது கேக்க ஆளில்லாத வண்டின்னு நாலு பேரு நெனைப்பாங்க. நெனைக்க உடக்கூடாதுங்க" என்கிறாள். கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் குழாயைத் திறக்கிறாள். சிறுவாணித் தண்ணீர் இவ்வளவு தாராளமாக வருவதில் அவளுக்கு ஒரு திருப்தி. காங்கேயத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் உப்புப் பூத்துவிடும்.

ஏஜென்சிக்கு எதிர்வீட்டில் குடியிருப்பதால் அவளுடைய புதன்கிழமைகள் எனக்கும் பழகிவிட்டன. காலை ஒன்பது மணிக்கு வேறு யாரோ முதலாளியின் பஸ்ஸில் வந்து இறங்குவாள். டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம்தான் வேண்டும். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவாள். தூங்குகிறாள் என்று நினைத்தால் ஏமாந்தோம். "ரெண்டாங் கியருக்கு வா கண்ணு, ஏன் அதை அழுக வெக்கறே?" என்று திடீரென்று குரல் வரும். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் காங்கேயம் தடத்து டிரைவர்களில் அவள் சொல்லிக் கியர் மாற்றாதவர்கள் இல்லை.

ஐம்பது வயது. நெட்டையான உடம்பு. பின்கொசுவம் வைத்த சுங்கடிச் சேலை, இடுப்பில் ஒரு வளையம், அதில் தானியக் குதிரின் சாவியும் பஸ் சாவியும். கையில் ஒரு தூக்குப்போசி, அதில் கம்பஞ்சோறும் மோரும். ஓட்டல் சாப்பாட்டின் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. புருஷர் காளிச்சாமி ஊரிலேயே இருக்கிறார். அவர் இந்தப் பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை. வேகமாகப் போனால் தலை சுற்றுமாம். ஒரு தடவை அவரைப் பற்றிக் கேட்டேன். "அவரு காட்டைப் பாக்கறாரு, நா ரோட்டைப் பாக்கறேன். ஒருத்தரு வேலையில ஒருத்தரு தலையிடறதில்லீங்க" என்றாள்.

சென்ற புரட்டாசியில் வாங்கிய வண்டி. வைகாசி முதல் வாரத்தில், தாராபுரத்திலிருந்து திரும்பும்போது ஊதியூர் மலையடியில் 'கடக்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் மூன்று பற்கள் போய்விட்டன. அதற்குப் பட்டறையில் கிரவுன் என்று பெயர். அதோடு கடிக்கும் சின்னச் சக்கரம் பினியன். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றவேண்டும், இரண்டும் ஜோடி. தெய்வாத்தாள் பிரயாணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, ஊதியூரில் நாலு ஜோடி மாடுகளைப் பிடித்துப் பூட்டி, பஸ்ஸைக் காங்கேயத்துக்கு இழுத்து வந்தாள். பஸ்ஸின் முன்னே மாடு போவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். மறுநாள் ஏஜென்சி லாரி அங்கிருந்து அதைக் கோயமுத்தூருக்கு இழுத்து வந்தது.

வண்டிக்கு ஒரு வருஷம் கியாரண்டி. அந்த இங்கிலீஷ் காகிதத்தை ஏஜென்சி குமாஸ்தா ஞானமுத்து அவளுக்கு இரண்டு முறை தமிழில் படித்துச் சொன்னார். மூன்றாம் முறை அவள் அவருக்குச் சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல். பழுதான பாகத்துக்குப் பதிலாகக் கம்பெனியார் புதிய பாகம் தருவார்கள். கம்பெனி சீமையில் இருக்கிறது. பாகம் கப்பலில் வரவேண்டும். கோயமுத்தூர்ப் பட்டறைகளில் ஒரு வாரத்தில் அதே மாதிரி பல் வெட்டித் தர ஆள் உண்டு. ஆனால் வெளிப் பட்டறைச் சாமானை மாட்டிவிட்டால் கியாரண்டி செல்லாது என்பதும் அதே காகிதத்தில் இருக்கிறது. "இன்னும் ரெண்டரை மாசம் பாக்கி இருக்குதுங்க. நாளைக்கு இன்னொண்ணு ஒடைஞ்சா நா யாரைப் போயிக் கேக்கறது?" என்று அவள் பட்டறைப் பக்கம் திரும்பவில்லை.

வண்டி நிற்பதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. காங்கேயத்திலிருந்து தாராபுரத்துக்குக் காலை ஆறு மணி நேரம் அவளுடையது. தாராபுரம் கோர்ட்டுக்குப் போகிறவர்கள், வெண்ணெய்க் கூடைக்காரிகள், ஆசுபத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அது ஆறு மணி வண்டி. அவளுக்கே 'ஆறு மணி தெய்வாத்தாள்' என்றுதான் பெயர். வண்டி இரண்டு மாதம் ஓடாததால், அந்த நேரத்தைத் தனக்குத் தரவேண்டும் என்று இன்னொரு முதலாளி மனுப் போட்டுவிட்டார். விசாரித்த அதிகாரி அவளுக்கு ஆடி ஒன்றாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார். அன்று காலை அவள் வண்டி காங்கேயத்தில் ஆறு மணிக்குப் புறப்படவேண்டும். இல்லாவிட்டால் நேரம் கைமாறிவிடும். ஆடி இந்தச் சனிக்கிழமை பிறக்கிறது.

இத்தனைக்கும் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஞானமுத்துவின் மேஜைக்குப் பின்னால் ஒரு தேசப்படம் தொங்குகிறது. அதன் எதிரே நின்று, "ஏனுங் தம்பி, கப்பல் இப்ப எங்க வந்திருக்குதுங்க?" என்பாள். அவர் பென்சிலால் தொட்டுக் காட்டவேண்டும். ஒரு வாரம் சூயஸ் கால்வாய். அடுத்த வாரம் ஏடன். அதற்கடுத்த வாரமும் அவர் பென்சில் ஏடனிலேயே நின்றது. தெய்வாத்தாள் படத்தை உற்றுப் பார்த்தாள். "போன வாரமும் இங்கதானுங்களே இருந்துது. கப்பலுக்கும் பல்லு ஒடைஞ்சு போச்சுங்களா?" என்றாள். ஞானமுத்து நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவளுடைய சாமானுக்காக ஜெபம் செய்ததாக என்னிடம் சொன்னார். இதை அவளிடம் சொன்னபோது, "செய்யுங்க, வேண்டாங்கலை. கூடவே மெட்ராசுக்கு ஒரு தந்தியும் அடிச்சுப்போடுங்க" என்றாளாம்.

போன வாரப் புதன்கிழமை பெட்டி வந்தே விட்டது. ஏஜென்சி மானேஜர் நஞ்சுண்டன் தம் கையாலேயே ஆணியைப் பிடுங்கினார். எண்ணெய்க் காகிதத்துக்குள் கிரவுன் பளபளவென்றிருந்தது. எல்லாரும் தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்தார்கள். அவளோ சாக்குக்கட்டி ஒன்றை வாங்கி, ஒரு பல்லில் கோடு போட்டு, அங்கிருந்து எண்ண ஆரம்பித்தாள். பிறகு உடைந்த சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்லி, போன பற்களின் அடிக்கட்டைகளையும் சேர்த்து அதையும் எண்ணினாள்.

"நம்முளுது முப்பத்தேழு. இது நாப்பத்தொண்ணு. இது எம்பட வண்டிதில்லீங்க."

மெக்கானிக் ராமுலு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஆமாங்க. இது லாரிதுங்க" என்றான். மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திருப்பி அனுப்பி வேறு வரவழைக்க இன்னும் ஆறு வாரம் ஆகும். தெய்வாத்தாள் எண்ணெய்க் காகிதத்தை மடிப்புக் கலையாமல் மறுபடியும் சுற்றினாள். "ஊரு மாறி வந்துபோட்டுது. பத்தரமாத் திருப்பி அனுப்புங்க, இதுக்கும் எங்கியோ ஒருத்தன் காத்துக் கெடப்பான்" என்று சொல்லிவிட்டு, எதையோ யோசித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

என்ன யோசித்தாள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. ஏஜென்சியில் வாங்கிய இங்கிலீஷ் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன். முன்ஹாலில் மானேஜரின் மேஜைக்கு எதிரே கூண்டு கட்டாத புது வண்டி ஒன்றைப் பார்வைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சினும் சக்கரங்களும் ஸ்டீயரிங்கும் மட்டும் உள்ள வெறும் உருப்படி. தெய்வாத்தாள் வண்டியும் அதே ஜாதிதான். அதைப் பார்க்கத் தாராபுரத்துப் பக்கத்திலிருந்து ஐயாசாமி என்பவர் வந்திருந்தார். மானேஜர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் தெய்வாத்தாளிடம் திரும்பினார்.

"ஏனுங்கம்மணி, நீங்க ஓட்டறதும் இதுதானுங்களே. எப்படி?"

"நல்ல வண்டிங்க. மேடு ஏறும், பெட்ரோல் ரொம்பக் குடிக்காது. எட்டு மாசம் ஒருநாளும் என்னை ரோட்டுல நிறுத்துனதில்லீங்க."

மானேஜர் முகம் மலர்ந்தது.

"பல்லு ஒடைஞ்சா மட்டும் கப்பலுக்குக் காத்திருக்கோணும். எனக்கு எட்டு வாரம் ஆச்சுங்க. இன்னும் ஆறு வாரமாமுங்க."

ஐயாசாமி வண்டியை ஒரு சுற்று சுற்றினார். "அப்ப கப்பல் வரட்டுங்க. பொறகு வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என்னம்மா இப்படிச் செஞ்சுபோட்டீங்க?" என்றார் மானேஜர்.

"கேட்டாருங்க, சொன்னனுங்க. பொய்யி ஒண்ணும் சொல்லலீங்களே? நல்லதைத்தான் மொதல்ல சொன்னேன்." அவள் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையருகே நின்றுகொண்டே பேசினாள். "எங்கப்பன் மாட்டு யாவாரிங்க. வித்த மாடு ஏர்ல படுத்துக்கிச்சுன்னு ஆள் வந்தா, தன்ற கட்டுத்தரையில நிக்கற மாட்டை அவுத்துக் கொண்டுபோயி அந்த ஏர்ல கட்டிப்போட்டுத்தான் மத்த பேச்சுப் பேசுவாரு. 'மாடு வருது, மாடு வருது'ன்னா உழவு நிக்குமுங்களா?"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

தெய்வாத்தாள் புது வண்டியைக் காட்டினாள். "உங்க கட்டுத்தரையில ஒண்ணு நிக்குதுங்களே."

மானேஜருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்துவிட்டார். "புது வண்டியைப் பிரிக்கறதா! எந்த ஊர்லம்மா இப்படி வழக்கம் இருக்குது?"

"அது நிக்கற வண்டிங்க. நிக்கறதுக்குப் பல்லு எதுக்குங்க? அதுல இருக்கற ஜோடியை எனக்கு மாட்டுங்க. சீமையிலிருந்து வர ஜோடியை அதுல மாட்டிக்குங்க. அதும் புதுசு, இதும் புதுசு."

"கியாரண்டிச் சாமான் கம்பெனியிலிருந்து வரோணும்."

"அப்படியா எழுதியிருக்குது? ஏனுங் தம்பி, அந்தக் காயிதத்தை எடுங்க."

ஞானமுத்து எடுத்தார். மானேஜரைப் பார்க்காமல் படித்தார். "பழுதான பாகத்துக்குப் பதிலாகக் கம்பெனியார் தயாரித்த புதிய பாகம் தரப்படும். கப்பலைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கவேண்டிய அவசியமே இல்லை.

"இதும் கம்பெனியார் செஞ்சதுதானுங்களே? வெளிப் பட்டறையில வெட்டுனதில்லையே?" என்றாள் தெய்வாத்தாள்.

"நடுவுல வாங்க ஆள் வந்துட்டா?"

"வரட்டுங்க. பல்லு ஒடைஞ்சப்ப இவிய தங்களோட புது வண்டியிலருந்தே கழட்டிக் குடுத்தாங்கன்னு நானே சொல்றேன். ஐயாசாமி ஊட்டுக்கே போயிச் சொல்றேன். அதுக்கு மேல ஒரு வெளம்பரம் வேணுமுங்களா?"

மானேஜர் வாசலைப் பார்த்தார். ஐயாசாமியின் குடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராமுலுவைக் கூப்பிட்டு, "எத்தனை நாள் வேலை?" என்று கேட்டார்.

"இன்னிக்கே கை வெச்சா நாளானிக்குச் சாயங்காலம் வண்டி ஊருக்குப் போயிருமுங்க" என்றான் ராமுலு. வெள்ளிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் ஆடி ஒன்று. எல்லாருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. மானேஜர் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றினார்.

தெய்வாத்தாள் புது வண்டியின் பக்கம் போனாள். அதன் ஸ்டீயரிங்கில் 'விற்பனைக்கு' என்று எழுதிய அட்டை ஒன்று சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முடிச்சை அறுக்கவில்லை. நகத்தால் நிதானமாக நெகிழ்த்தி அவிழ்த்து, கயிற்றை அட்டையைச் சுற்றிச் சுற்றி முடிந்து, எழுத்து அடியில் போகும்படி மானேஜரின் மேஜைமேல் வைத்தாள். ராமுலு ஸ்பானர் பெட்டியை எடுக்கப் போய்விட்டான்.

"ஏனுங்கம்மா, மெட்ராஸ்ல கேட்டா நான் என்னன்னு எழுதறது?" என்றார் நஞ்சுண்டன்.

தெய்வாத்தாள் அதற்குள் பஸ்ஸைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.