அவர் போனில் இருந்த படங்கள்

திருவொற்றியூர் குடோனில் ஷிப்ட் இன்சார்ஜாகச் சேர்ந்த அன்றே மேனேஜர் என்னை எச்சரித்தார். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். யார் சொன்னாலும் கேட்க மாட்டாராம். எனக்கு முன்னால் இருந்தவர் அவரால்தான் மாற்றல் கேட்டுப் போனாராம்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். சடையங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். துறைமுகத்திலிருந்து வந்த சரக்கை மூன்றாவது ரேக்கில் ஏற்றச் சொன்னால், ஐந்தாவதில் ஏற்றிவிட்டுப் போவார். ஏன் என்று கேட்டால், "அங்க எடம் கீது, வச்சேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஒரு நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவர் ரேக்குகளுக்கு நடுவே குனிந்து போனில் படம் எடுப்பதைப் பார்த்தேன். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று வெளியே யாருக்கோ அனுப்புகிறாரோ? அதன் பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. கேமரா பதிவுகளை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். வாசலில் அவர் பையைச் சோதிக்கச் சொன்னேன். டிபன் பாக்ஸும் துண்டும்தான் இருந்தன. விவரமான ஆள், பையிலா வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மெமோவைத் தயார் செய்துகொண்டு ஒரு மத்தியானம் அவர் பின்னாலேயே போய் நின்றேன். போனைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் நீட்டினார்.

எல்லாம் மூன்றாவது ரேக்கின் கால். தரையோடு அதைப் பிடித்திருந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு படத்திலும் கால் அந்தக் கோட்டைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்தது.

"மின்னாடி இருந்தவர்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். காதுல வாங்கல. நாளிக்கு இது சாஞ்சா, வண்டிய வுட்டு இட்ச்சிட்டான்னு என் தலையிலதான கட்டுவீங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நீங்க என் பையத் தொறந்து பாத்துகினு இருந்தீங்களே மேடம்."

அடுத்த படத்துக்கு என் விரல் தானாக நகர்ந்தது. அதில் நான் இருந்தேன். ஆபீஸ் கண்ணாடி வழியாக, கேமரா பதிவை உற்றுப் பார்த்துக்கொண்டு. அவர் மெதுவாகப் போனை வாங்கிக்கொண்டார்.

அன்றே ரேக்கைக் காலி செய்ய வைத்தேன். பிட்டர் வந்து பார்த்து, நான்கு போல்ட்டில் இரண்டு அறுந்துவிட்டன என்றார். மெமோவைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அவரே என் மேஜைக்கு வந்தார். ரேக் விஷயத்தைத் தான்தான் முதலில் சொன்னதாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடச் சொன்னார்.

இப்போது எதுவானாலும் என்னிடம் நேராகச் சொல்கிறார், எழுத்திலும் கேட்கிறார். நானும், அவர் ஏற்றிய சரக்கை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.